அறுபத்திரண்டு குரல்கள் தங்கிய அறை

அறுபத்திரண்டு பெண்கள் தங்கள் குரலை எங்கள் கட்சி ஆபீசின் காத்திருப்பு அறையில் விட்டுவிட்டு வெறும் வாயோடு வீடு போய்ச் சேர்ந்த சமாச்சாரத்தை ஊரில் ஆளுக்கு ஒரு மாதிரி கண்ணு மூக்கு வைத்துச் சொல்லுவார்கள். நான் ஒன்றும் வைக்காமல் சொல்கிறேன். வைக்கவேண்டிய அவசியம் எனக்கில்லை, ஏனென்றால் அவர்கள் விண்ணப்பத்தில் பூஜ்யத்தைப் போட்டதே என் கைதான். குற்றாலிங்கம் என்று என் பெயர், மாவட்டக் கட்சி ஆபீசில் இருபத்தாறு வருஷமாக எழுத்து வேலை, ஊருக்கு நான் லிங்கம்.

தேர்தல் வந்தால் மேலிடத்திலிருந்து அறிக்கைக் குழு என்று ஐந்து பேர் வருவார்கள். ஊர் ஊராகப் போய்ச் சங்கங்களிடம் குறை கேட்டு, தேர்தல் அறிக்கையில் எதைச் சேர்க்கலாம் என்று முடிவு பண்ணுவது அவர்கள் வேலை. மாவட்டத்துக்கு ஒரு நாள், அந்த ஒரு நாளில் பன்னிரண்டு சங்கம். எங்களிடம் விண்ணப்பம் போட்டவை எழுபதுக்கு மேல். அதில் பன்னிரண்டை எப்படிப் பொறுக்குவீர்கள் என்று கேட்டால், நியாயமாகத்தான் பொறுக்குவோம், சிரிக்காதீர்கள். விண்ணப்பத்தில் சங்கத்தின் பெயர் இருக்கும், தலைவர் பெயர் இருக்கும், கோரிக்கை இருக்கும், கடைசியில் நான் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம் இருக்கும்: எத்தனை பூத்தில் நூறு ஓட்டு. அதாவது இந்தச் சங்கத்தின் சொல்லுக்கு நூறு ஓட்டு விழுகிற வாக்குச்சாவடிகள் எத்தனை. கோரிக்கையை யாரும் வாசிப்பதில்லை, நானும் வாசித்ததில்லை. கடைசிக் கட்டத்தைப் பார்த்து மேலிருந்து கீழாக அடுக்கிப் பன்னிரண்டாவதன் கீழே ஒரு கோடு போட்டால் தீர்ந்தது வேலை. அரிசி ஆலைக்காரர்கள் மொத்தம் பத்தொன்பது பேர், ஆனால் அவர்களுடைய ஆட்கள் எல்லாம் ஒரே பக்கம் குடியிருப்பவர்கள், நான்கு பூத். லாரிக்காரர்கள் ஆறு. கல்குவாரிக்காரர்கள் மூன்று.

வீட்டு வேலை செய்யும் பெண்கள் சங்கம் என்று ஒரு விண்ணப்பம் வந்தது. எண்ணிப் பார்த்தால் ஊரில் மூவாயிரம் பேருக்கு மேல் தேறுவார்கள், அரிசி ஆலை, லாரி, குவாரி மூன்றையும் சேர்த்துக் கட்டினாலும் அவ்வளவு பேர் வராது. ஆனால் அவர்கள் ஒரு தெருவில் ஐந்து, ஒரு சந்தில் மூன்று, ஒரு காலனியில் எட்டு என்று உளுந்தைத் தரையில் கொட்டியது மாதிரி சிதறிக் கிடப்பவர்கள். தொண்ணூற்று நான்கு பூத்திலும் இருக்கிறார்கள், எந்தப் பூத்திலும் நூறு இல்லை. நான் கட்டத்தில் பூஜ்யம் போட்டேன். கையெழுத்துகூட அழகாக இருந்தது.

ஆனாலும் அவர்கள் வந்தார்கள். வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டுவிட்டு, அறுபத்திரண்டு பேர், குளித்துப் பூ வைத்து, காலை ஒன்பது மணிக்கே வந்து காத்திருப்பு அறையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். முன்னால் நின்று பேசியவள் முப்பிடாதி. எங்கள் மாவட்டச் செயலாளர் சிவனணைந்தபெருமாள் வீட்டில் பத்து வருஷமாக வேலை பார்ப்பவள், கண் தெரியாத அவருடைய அப்பாவை வைத்துப் பார்த்துக்கொள்பவள். பெருமாள் அண்ணாச்சி அவளை அங்கே பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"என்னட்டி, நீயும் சங்கமா? நம்ம வீட்டுப் புள்ளைக்கு எதுக்கு சங்கம்? வீட்டுல வச்சுச் சொன்னாக் கேக்க மாட்டனா?"

"வீட்டுல வச்சுச் சொன்னா அது கேட்டதா ஆவுமா அண்ணாச்சி? அந்த அஞ்சு பேருகிட்ட சொல்லணும்."

"சரி, இரு. பாப்போம்."

இருந்தார்கள். ஒவ்வொரு சங்கமும் உள்ளே போய் வெளியே வந்தது, வெளியே வந்தவர்கள் காபி குடித்தார்கள், இந்தப் பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி மெல்லிய குரலில், சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டே இருந்தார்கள், வாரத்தில் ஒரு நாள் லீவு வேணும், வழுக்கி விழுந்தா வைத்தியம் பாக்கணும், வாரத்தில் ஒரு நாள் லீவு வேணும், வழுக்கி விழுந்தா வைத்தியம் பாக்கணும் என்று பகல் முழுக்க அந்த அறை முனங்கிக்கொண்டே இருந்தது. ஆறு மணிக்குக் குழு ரயிலைப் பிடிக்கக் கிளம்பிவிட்டது. நான் போய், "மனுவக் குடுத்துட்டுப் போங்கம்மா, மேலிடத்துக்கு அனுப்பி வைக்கேன்" என்றேன்.

"மனு எழுதலையே அண்ணாச்சி," என்றாள் முப்பிடாதி. "சொல்லத்தான் வந்தோம்."

அன்றைக்கு அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். எழுந்து போனார்கள். நாற்காலிகளை நான் அடுக்கி வைக்கவில்லை, அலுப்பு.

மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் அறையில் ஆள் இல்லை, பேச்சு இருந்தது. ஒரு நாற்காலியிலிருந்து "பால் பொங்கிட்டுக்கா" என்றது. இன்னொன்றிலிருந்து "கொஞ்சம் கால எடுங்க, இந்த இடத்தத் தொடச்சிருதேன்" என்றது. மூன்றாவது வரிசையில் ஜன்னலோரமாக இருந்த நாற்காலி, "ஐயா, இது இட்லி, இது சட்னி, வாயத் திறங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அது முப்பிடாதி உட்கார்ந்திருந்த நாற்காலி. கட்சி ஆபீசில் இருபத்தாறு வருஷம் இருந்தவனுக்கு எதுவும் பெரிய விஷயமாகத் தெரியாது. ஃபேனைப் போட்டுவிட்டு நான் பேப்பர் வாசிக்க உட்கார்ந்தேன்.

அதே நேரத்தில் ஊரில் அறுபத்திரண்டு வீடுகளில் அந்தப் பெண்கள் வாயைத் திறந்தார்கள், உதடு அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது, சத்தம் வரவில்லை. அவர்கள் அங்கே சொன்னது அத்தனையும் இங்கே அவரவர் நாற்காலியில் கேட்டது, அவ்வளவுதான் விஷயம். வீட்டுக்காரம்மாக்கள் முதலில், "ஒரு நாள் கட்சி ஆபீசுக்குப் போய்ட்டு வந்ததும் திமிர் ஏறிட்டு, கேட்டதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கா" என்றார்கள். பிறகு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் டார்ச் அடித்துப் பார்த்து, தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை, குரல் வேறெங்கேயோ இருக்கிறது, எங்கே கடைசியாகப் பேசினீர்கள் என்று, குடையைத் தொலைத்தவரிடம் கேட்பது போலக் கேட்டார்.

ஒரு வாரத்தில் ஊர் பழகிவிட்டது. புருஷன்மார் வேலை முடிந்து நேராக ஆபீசுக்கு வந்து, பெண்டாட்டியின் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்தவைத்து, இன்றைக்கு என்ன சமையல், கடையில் என்ன வாங்கிவர வேண்டும் என்று அவள் எங்கிருந்தோ சொல்வதைக் கேட்டுக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன, அம்மா எங்கேயோ ஒரு வீட்டில் சட்டி தேய்த்துக்கொண்டே திட்டுகிற திட்டை இங்கே வாங்கிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதின. வாசலில் ஒருத்தன் டீக்கடை போட்டான். பெரிய வீட்டுப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கி, எங்கள் வீட்டில் வேலை பார்ப்பவள் எந்த நாற்காலி என்று என்னிடம் காதோடு கேட்டு, அங்கே போய் நின்று, தங்களைப் பற்றி அவள் தனியாக இருக்கும்போது என்ன சொல்கிறாள் என்று கேட்டுவிட்டு, முகம் செத்துப்போய்த் திரும்பினார்கள். மறுநாளும் வந்தார்கள்.

அந்த நாற்காலிகளில் வேறு யாரும் உட்கார முடியாது. வட்டச் செயலாளர் ஒருவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, தன் மடிக்குள்ளிருந்து ஒரு பெண், "தள்ளுங்க சார், கைய எடுங்க, நான் அப்படிப்பட்டவ இல்ல" என்று தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்டு, எழுந்து நின்று வியர்த்து வழிந்தார். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை, ஊரில் ஏதோ ஒரு வீட்டில் எவனிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், அந்த வீட்டில் அது அவனுக்குக் கேட்கவே இல்லை. அன்றைக்கு நான் பேப்பர் வாசிக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்கு எல்லா வீட்டிலும் வேலை முடிந்து அவர்கள் சுவரில் சாய்கிற நேரம், பேச்சே இருக்காது, காலி நாற்காலிகள் அறுபத்திரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விடும். அந்த நேரத்தில் நான் வெராண்டாவுக்குப் போய்விடுவேன். கட்சிப் பாட்டைப் போட்டுப் பார்த்தேன், அதற்கடியிலும் கேட்டது.

இதெல்லாம் போகட்டும், பெரியவர் சாப்பாடுதான் கழுத்தைப் பிடித்தது.

பெருமாள் அண்ணாச்சியின் அப்பா சேர்மக்கனி ஐயாவுக்குத் தொண்ணூற்றொரு வயசு. கண் போன புதிதில் யாரோ அவசரத்தில் கொதிக்கிற கஞ்சியை வாயில் வைத்துவிட்டார்கள், அன்றிலிருந்து என்ன வருகிறது என்று முப்பிடாதி சொல்லாமல் அவர் வாயைத் திறக்க மாட்டார். இது ரசஞ்சோறு, இது கீரை, இது வெதுவெதுப்பான தண்ணி என்று அவள் ஒவ்வொரு கரண்டிக்கும் சொல்லுவாள், அவர் ஒவ்வொன்றுக்கும் திறப்பார். இப்போது அவள் எதிரில் உட்கார்ந்து உதட்டை அசைக்கிறாள், அவர் சத்தம் இல்லாத பக்கமெல்லாம் முகத்தைத் திருப்பித் தேடுகிறார். மருமகள் சொல்லிப் பார்த்தார், அண்ணாச்சியே "அப்பா, நாந்தான், பெருமாளு" என்று கெஞ்சிப் பார்த்தார். பெரியவர் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, "அந்தப் புள்ள எங்க?" என்பதோடு சரி. செல்போனை நாற்காலிப் பக்கம் வைத்து வீட்டுக்குப் பேசவைத்தோம், ஃபேன் ஓடுகிற சத்தம்தான் போனது.

இரண்டு நாள் பட்டினிக்குப் பிறகு அண்ணாச்சி அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்துக் காரில் ஏற்றி ஆபீசுக்கே கொண்டுவந்தார். முப்பிடாதி தன் நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள், வாயும் குரலும் ஒரே இடத்தில் சேர்ந்தது, பெரியவர் கண்ணில் நீர் வழிய அவ்வளவு சோற்றையும் சாப்பிட்டார். எழுந்து நடந்தால் குரல் நாற்காலியிலேயே நின்றுகொண்டது. சரி, நாற்காலியை வீட்டுக்குத் தூக்கிப் போவோம் என்று தூக்கினோம், நாற்காலி வந்தது, குரல் அந்த இடத்திலேயே அந்தரத்தில் இருந்தது. மறுபடி கொண்டுவந்து அதன் கீழே வைத்தோம், வேறென்ன செய்ய. இரண்டு வேளையும் பெரியவரைக் கொண்டுவந்து ஊட்டினார்கள். சித்திரை வெயில். எட்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் கண்டது. டாக்டர், இனி கட்டிலை விட்டு அசைத்தால் உயிருக்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

அன்று மத்தியானம் அண்ணாச்சி காத்திருப்பு அறையில் தனியாகப் போய் நின்று கைகூப்பி, "சொல்லுங்கம்மா, நான் கேக்கேன், எல்லாத்தையும் கேக்கேன்" என்றார். அப்படி ஒரு மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. அறுபத்திரண்டு குரலும் ஒருசேர நின்றது. பிறகு முப்பிடாதியின் குரல் மட்டும் வந்தது. அவர் வீட்டுக் கட்டிலோரத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் சொல்கிறாள், இவர் இங்கே நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

"உங்ககிட்ட சொல்ல வரல அண்ணாச்சி. அந்த அஞ்சு பேருகிட்ட சொல்லத்தான் வந்தோம். அவிய கேக்கணும்."

அண்ணாச்சி மேலிடத்துக்குப் போன் போட்டார். மேலிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பூத்?" அப்பாவின் உயிர் என்று சொன்னார், அது அறிக்கையில் வராதே என்றார்கள். கடைசியில் அவர் காலைப் பிடித்து, கையைப் பிடித்துக் கெஞ்சியதும், வேறு மாவட்டத்துக்குப் போகிற வழியில் பத்து நிமிஷம் இறங்குகிறோம், கூட்டமாகப் பேசக்கூடாது, ஒரே ஆள், நன்றாகப் பேசத் தெரிந்த ஆள் பேசட்டும் என்றார்கள்.

இங்கேதான் என் புத்தி வேலை செய்தது, என் நாக்கில் புற்று வைக்க! எங்கள் கட்சியில் ஒரு பழக்கம் உண்டு. மேலிடத்துக்காரர்கள் முன்னால் பேசுகிறவர்கள் தலைவரிலிருந்து தொடங்கி, எதிரில் உட்கார்ந்திருப்பவர் வரைக்கும், யார் பெயருக்குப் பின் யார் பெயர், யாருக்கு என்ன பட்டம் என்று பிசகாமல் விளித்துவிட்டுத்தான் விஷயத்துக்கு வரவேண்டும். ஒரு பெயர் முன்னே பின்னே போனால் அவர்கள் காது அடைத்துக்கொள்ளும், அதற்குப் பிறகு தேனைச் சொன்னாலும் ஏறாது. முப்பிடாதிக்கு ஐந்து பேரில் ஒருத்தர் பெயர்கூடத் தெரியாது. நான் அண்ணாச்சியிடம், "வெண்கலக்குரல் தமிழ்க்கோவைப் பேச வைப்போம்" என்றேன். கட்சியின் தலைமைப் பேச்சாளர், மைக் இல்லாமல் மூன்று தெருவுக்குக் கேட்பவர். அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஒரே ஒரு தரம் முப்பிடாதியைக் கூப்பிட்டு அவள் நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னோம்.

"நாங்களே சொல்லிக்கிடுதோம் அண்ணாச்சி. ரெண்டே விஷயம்தான்," என்றாள்.

"உனக்கு வராது தாயி," என்றேன் நான். "அவங்க முன்னால நின்னா நீ அழுதிருவ."

"அழுதா என்ன?"

நான் அண்ணாச்சி முகத்தைப் பார்த்தேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பெரியவரை நினைத்திருப்பாள் போல. "சரி, ஐயா சாப்பிட்டாப் போதும்" என்றாள்.

குழு வந்தது. அறுபத்திரண்டு பேரும் காத்திருப்பு அறையில் உட்கார்ந்தார்கள், உள்ளே தமிழ்க்கோ பேசினார். பத்து நிமிஷத்தில் ஏழு நிமிஷம் விளித்தார், ஒரு பெயர் பிசகவில்லை. மீதி மூன்று நிமிஷத்தில், பாத்திரம் துலக்கும் பாவையர் என்றார், தரையைப் பெருக்கும் தாரகைகள் என்றார், ஞாயிறு உலகுக்கெல்லாம் வருகிறது, இவர்களுக்கு மட்டும் வருவதில்லை என்று கையை உயர்த்தினார். ஐந்து பேரும் கைதட்டினார்கள், ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழுத் தலைவர் பேனாவை மூடி, "கேட்டாச்சு" என்றார்.

அந்தச் சொல் விழுந்ததும் காத்திருப்பு அறை, ஓடிக்கொண்டிருந்த கிரைண்டரை நிறுத்தியது போல நின்றது. இரண்டு வாரமாக ஓயாமல் இருந்த அந்த முனங்கல் இல்லை. நான் உள்ளே எட்டிப் பார்த்தேன், பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார்கள். தொண்டை கனமாக இருக்கிறது என்று சைகை காட்டினார்கள். வந்துட்டு, வந்துட்டு என்று வெராண்டாவில் நின்ற புருஷன்மார் கத்தினார்கள், டீக்கடைக்காரன் எல்லோருக்கும் டீ கொடுத்தான். பெண்கள் ஒருத்தரும் அங்கே வாயைத் திறக்கவில்லை. முதல் பேச்சை அவரவர் வீட்டில் பேச வேண்டும் என்ற ஆசை, சேலையை அள்ளிச் செருகிக்கொண்டு ஓடினார்கள்.

அண்ணாச்சி முப்பிடாதியைத் தன் காரிலேயே ஏற்றினார், நான் முன்சீட்டில். அவள் வழி முழுக்க வாயைக் கையால் பொத்திக்கொண்டே வந்தாள், வாய்க்குள் ஏதோ உயிருள்ளதை வைத்திருப்பவள் போல. கார் தெருத்தெருவாகத் திரும்பியது, எங்களுக்கு முன்னே ஓடிப்போய்ச் சேர்ந்தவர்களின் வீடுகளைத் தாண்டியது, ஒவ்வொரு ஜன்னலிலிருந்தும் ஆண்பிள்ளைப் பேச்சுச் சத்தம் கேட்டது, அடுத்து ஒரு பிள்ளை வீறிட்டு அழுகிற சத்தம் கேட்டது, அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே. தேர்தல் நேரம், வேனில் யாரோ பிரசாரம் பண்ணிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அப்படி நினைக்கத்தான் பிடித்திருந்தது.

பெரியவர் கட்டிலில் காய்ந்து கிடந்தார். மூன்று நாளாகத் தண்ணீரைத் துணியில் நனைத்து உதட்டில் வைத்ததுதான். மருமகள் ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் தயாராக வைத்திருந்தார். முப்பிடாதி கைகழுவிவிட்டு வந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, ஒரு கரண்டி எடுத்து, ஊதி, அவர் உதட்டுக்கு அருகில் கொண்டுபோய், கையை வாயிலிருந்து எடுத்தாள்.

"பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட பெரியவரே!"

வெண்கலக் குரல். அந்தச் சின்ன அறையில் டம்ளர்கள் அதிர்ந்தன. அவள் மிரண்டுபோய் மறுபடி முயன்றாள், கழுத்து நரம்பு புடைக்க முயன்றாள், ரசஞ்சோறு என்று சொல்ல உதடு குவிந்தது. "பருக்கையைப் பகிர்ந்தளிக்கும் பாவையரின் பெயரால்!" என்று வந்தது.

பெரியவர் எலும்பான இரண்டு கையையும் மெல்ல உயர்த்திக் கும்பிட்டார். வீடு தேடி வந்தவர்களை அவர் என்றைக்கும் முகம் கோணி அனுப்பியதில்லை.

"வாங்கய்யா, வாங்க," என்றார், மெலிந்த குரலில். "நம்ம வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான். உள்ள ஒரு புள்ள இருக்கும், போற வழில கொஞ்சம் வரச் சொல்லுங்க. எனக்குப் பசிக்கி."

முப்பிடாதி கரண்டியைப் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்து அழுத்தினாள். அந்த விரல்கள் அவள் கன்னத்தில் ஊர்ந்து, ஈரத்தைத் தொட்டு, அங்கேயே நின்றன.

"ஐயய்ய, தோத்துட்டியளா?" என்றார் பெரியவர். "அதுக்கு அழலாமா? அடுத்த தடவ பாத்துக்கிடலாம், போய்ட்டு வாங்க." சொல்லிவிட்டு உதட்டை உள்ளே மடித்து இறுக்க மூடிக்கொண்டார்.